பூக்கா நகூவாவின் முதல் ஆட்டம்: பத்துப் பந்து, 119 யார்டு. எவ்வளவு நம்பலாம்?

நீலக்கொம்பு (2023 செப்டம்பர் 11)

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் நம் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் நேற்று சியாட்டிலில் சீஹாக்ஸ் அணியை 30-13 என்று வென்றதை மனம் இன்னும் அசைபோட்டுக்கொண்டே இருக்கிறது. போன பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி. இந்தப் பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது, நம் முதன்மை ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) கூப்பர் கப் தொடைத்தசைக் காயத்தால் குறைந்தது நான்கு ஆட்டங்களுக்கு வரமாட்டார் என்று செய்தி. ஆட்டத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றிருந்தேன்.

பிறகு 17ஆம் எண் சட்டையோடு இந்தப் பையன் வந்தான். பூக்கா நகூவா. பிரிகம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில் ஐந்தாம் சுற்று, 177ஆவது ஆள். பந்தை எறியும் நம் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட் 15 முறை அவரை நோக்கி எறிந்தார். பத்தைப் பிடித்தார், 119 யார்டு. வாழ்க்கையின் முதல் தொழில்முறை ஆட்டத்தில், எதிரணியின் மைதானத்தில், காது கிழியும் அந்த இரைச்சலில்!

எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது வேறு. நெருக்கடியான மூன்றாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) வந்தால் ஸ்டாஃபர்ட்டின் கண் நேராக அவரிடம்தான் போனது. 35 வயது குவார்ட்டர்பேக், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றவர், ஒரு புதுமுகத்தை முதல் நாளே இப்படி நம்புவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? நமக்கு ஒரு வைடு ரிசீவர் கிடைத்துவிட்டார். உரக்கவே சொல்கிறேன்.

எண்ணிப்பார் (2023 செப்டம்பர் 11)

நீலக்கொம்பு, உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க விருப்பமில்லை. ஆனால் ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டும்: எடி ராயல்.

2008 செப்டம்பர். டென்வர் பிராங்கோஸ் ஓக்லாந்துக்குப் போகிறது. முதன்மை ரிசீவர் பிராண்டன் மார்ஷல் தடையால் அன்று ஆடவில்லை. இரண்டாம் சுற்றில் வந்த புதுமுகம் எடி ராயல் 9 பந்து, 146 யார்டு, ஒரு டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடப்பது). நாடே பேசியது. அந்தப் பருவம் 91 பந்து, 980 யார்டு என்று நன்றாகவே முடிந்தது. மறு ஆண்டு? 37 பந்து, 356 யார்டு. அந்த முதல் பருவத்தின் உயரத்தை அவர் அதன்பின் எட்டவேயில்லை.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதன்மை ஆள் இல்லை, யாராவது பந்தைப் பிடித்தாக வேண்டும், அந்த இடத்தில் நின்றவருக்கு எண்கள் குவிந்தன. நேற்று உங்கள் இன்னொரு ரிசீவர் டூட்டூ ஆட்வெல்லும் 6 பந்தில் அதே 119 யார்டுதான் எடுத்தார். அவரைப் பற்றி ஏன் யாரும் தனி இழை திறக்கவில்லை? கப் விட்டுப்போன இடத்தை பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் திட்டம் நிரப்பியது. அதில் நகூவாவின் பங்கு எவ்வளவு என்று ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டாஃபர்ட் 334 யார்டு எறிந்தார், ஒரு டச் டவுன்கூட எறியவில்லை. மூன்று டச் டவுன்களும் ஓட்டத்தில் வந்தவை: கைரன் வில்லியம்ஸ் இரண்டு, கேம் ஏக்கர்ஸ் ஒன்று.

பச்சைமழை (2023 செப்டம்பர் 11)

நான் சீஹாக்ஸ் ரசிகன். வலியோடுதான் எழுதுகிறேன். பாதி ஆட்டத்தில் 13-7 என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டாம் பாதி முழுவதும் எங்கள் தாக்குதல் எடுத்தது 12 யார்டு. பன்னிரண்டு! குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தொடக்க டாக்கிள்கள் இருவரும், சார்லஸ் கிராஸும் ஏப் லூகஸும், காயத்தில் வெளியேறினார்கள். தடுப்புப் பக்கத்தில் முதல் சுற்றுத் தேர்வு டெவன் விதர்ஸ்பூன் ஆடவில்லை, ஜமால் ஆடம்ஸும் இல்லை. தாக்குதல் வந்த வேகத்தில் திரும்பியதால் தடுப்பாட்டக்காரர்கள் மைதானத்திலேயே நின்று களைத்துப் போனார்கள். களைத்த தடுப்புக்கு எதிராக யாரும் யார்டு எடுக்கலாம். அந்த அளவில் எண்ணிப்பார் சொல்வது சரி.

ஆனால் எனக்கு இதில் வேறொரு வருத்தம். நகூவா 2019இலும் 2020இலும் எங்கள் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். இரண்டு பருவமும் சேர்த்து இருபது பந்துகூட அவர் கைக்கு வரவில்லை. பிறகு சொந்த மாநிலமான யூட்டாவுக்கே போய்விட்டார். நேற்று அதே ஊருக்குத் திரும்பி வந்து ஒரே பகலில் பத்துப் பந்து பிடித்தார். எங்கள் அணி 20ஆவது இடத்தில் எடுத்த ரிசீவர் ஜாக்சன் ஸ்மித்-ஞிக்பாவுக்கும் நேற்றுதான் முதல் ஆட்டம்: 3 பந்து, 13 யார்டு. மணிக்கட்டு அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

நீலக்கொம்பு (2023 செப்டம்பர் 11)

எண்ணிப்பார், எடி ராயல் கதையின் பாதியைத்தான் சொன்னீர்கள். 2008 முடிந்ததும் டென்வர் பயிற்சியாளர் மைக் ஷனஹானை நீக்கியது. ஜாஷ் மெக்டேனியல்ஸ் வந்தார். குவார்ட்டர்பேக் ஜே கட்லரைச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளரும் போய், பந்து எறிபவரும் போய், திட்டமும் மாறிய பிறகு ரிசீவர் ஒருவர் சரிந்தால், முதல் ஆட்டம் நம்மை ஏமாற்றிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவர் காலடி மண்ணையே எடுத்துவிட்டார்கள்.

உங்களுக்கு ராயல் நினைவுக்கு வருகிறார், எனக்கு ஆன்குவான் போல்டின் வருகிறார். 2003, அரிசோனா கார்டினல்ஸ், முதல் ஆட்டம், பத்துப் பந்து, 217 யார்டு. அவரும் முதல் சுற்று இல்லை, 54ஆவது தேர்வு. மின்னல் வேகக்காரரும் இல்லை. வலுவும் கையும்தான். பதினான்கு பருவங்கள் ஆடினார்.

கரும்பலகை (2023 செப்டம்பர் 12)

பள்ளி அணி ஒன்றுக்குச் சில ஆண்டுகள் ரிசீவர்களைப் பயிற்றுவித்தவன் என்ற முறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீங்கள் மூவரும் எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். முதல் ஆட்ட எண்கள் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லும். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2020இல் முதல் ஆட்டத்தில் பிடித்தது 2 பந்து, 26 யார்டு. அந்தப் பருவத்தை 1,400 யார்டில் முடித்தார். எனவே எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

நான் பார்ப்பது, எதிரணி வட்டாரம் பிரித்துக் காக்கும்போது ரிசீவர் எங்கே நிற்கிறார் என்பதை. ஒவ்வொரு தடுப்பாளரும் ஓர் இடத்தைக் காக்கிறார். இடங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. அனுபவமில்லாத ரிசீவர் வரைபடத்தில் போட்ட கோட்டிலேயே ஓடி, இடைவெளியைக் கடந்து, அடுத்த தடுப்பாளரின் மடியில் போய் விழுவார். தேர்ந்தவர் அந்த இடைவெளியில் வேகத்தைக் குறைத்து, குவார்ட்டர்பேக் பக்கம் மார்பைத் திருப்பி நிற்பார். எறிபவரும் ஓடுபவரும் ஒரே நொடியில் ஒரே காட்சியை ஒரே மாதிரி வாசிக்க வேண்டும். கப் 2021இல் 145 பந்து, 1,947 யார்டு, 16 டச் டவுன் எடுத்ததற்கு அவருக்கும் ஸ்டாஃபர்ட்டுக்கும் இருந்த இந்தப் பொருத்தமே முதல் காரணம். அது வர ஆண்டுகள் ஆகும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நகூவா இடைவெளியில் நின்றதைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். திட்டம் இடத்தைக் காட்டும். அங்கே நிற்கத் தெரிவது ஆட்டக்காரரின் சொத்து.

அடுத்தது, பந்து தன்னிடம் வராதபோது என்ன செய்கிறார்? மெக்வே தன் ரிசீவர்களைப் பின்வரிசை ஓட்டக்காரருக்காக மோதித் தடுக்கச் சொல்வார். பலர் தோளைத் தொட்டுவிட்டு ஒதுங்குவார்கள். இவர் ஆசையோடு போய் மோதுகிறார். அந்த மூன்று ஓட்ட டச் டவுன்களும் நகூவாவின் கணக்கில் வராது என்கிறார் எண்ணிப்பார். முன்னால் நின்று வழி திறப்பவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஐயா.

எண்ணிப்பார் (2023 செப்டம்பர் 12)

கரும்பலகை ஐயா, இடைவெளியில் நிற்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், நான் கவனிக்கத் தவறியது அது. டூட்டூ ஆட்வெல்லின் 119 யார்டு வேகத்தில் வந்தது. நகூவாவின் 119 கூட்டத்துக்கு நடுவே வந்தது. இரண்டும் ஒன்று என்று நான் எழுதியது தவறு.

ஆனால் என் அச்சம் போகவில்லை. அவர் உடலைப் பற்றியது அது. பிரிகம் யங்கில் கடைசிப் பருவத்தில் காயத்தால் பல ஆட்டங்களைத் தவறவிட்டார், ஆடியது 9. ஐந்தாம் சுற்று வரை விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. கூட்டத்துக்கு நடுவே பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஓர் அடி விழும். ஓர் ஆட்டத்தில் 15 முறை அவரை அங்கே அனுப்பினால் 17 ஆட்டங்களில் என்ன ஆகும்? கப்புக்கு நடந்ததைப் பார்க்கிறோமே. இந்தப் பையன் நிலைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் கேட்கிறேன்.

புதுக்கை (2023 செப்டம்பர் 12)

இந்த ஆட்டத்தை இரண்டு ஆண்டுகளாகத்தான் பார்க்கிறேன். இவ்வளவு திறமை இருந்தால் 176 பேரை எடுக்கும்வரை எல்லா அணிகளும் எப்படி இவரை விட்டன?

பச்சைமழை (2023 செப்டம்பர் 12)

புதுக்கை, ஓட்ட வேகம் நடுத்தரம், காயப் பட்டியல் நீளம். வாரந்தோறும் பெரிய அணிகளோடு மோதாத பல்கலைக்கழகம். முதல் சுற்றில் 20இலிருந்து 23 வரை வரிசையாக நான்கு ரிசீவர்களை எடுத்தார்கள். நால்வரும் நல்ல வேகக்காரர்கள் அல்லது நுட்பமாகத் திரும்புபவர்கள். அதற்காக அந்தத் தேர்வுகளைத் தவறென்று இப்போதே சொல்லாதீர்கள். 22ஆவது தேர்வான ஸே ஃபிளவர்ஸ் பால்டிமோருக்காக முதல் ஆட்டத்தில் 9 பந்து பிடித்தார்.

ராம்ஸுக்கு முதல் சுற்றுத் தேர்வே இல்லை. ஸ்டாஃபர்ட்டை வாங்க டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2016இல் ஜாரெட் காஃபை எடுத்த பிறகு அவர்கள் முதல் சுற்றில் யாரையும் எடுக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சந்தைக்குப் போகிறவர்களுக்குக் காய் பொறுக்கும் கண் தானாகக் கூர்மையாகும். கப்பே 2017இல் மூன்றாம் சுற்றில், ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்தான். அதுவும் எங்கள் மாநிலம். எங்கள் மண்ணில் ஆடிய இருவரையும் அவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது எனக்கு ஆறவில்லை.

நீலக்கொம்பு (2023 செப்டம்பர் 18)

நேற்றைய ஆட்டத்துக்குப் பிறகு இந்த இழையைத் தேடி வந்தேன். சோஃபை மைதானத்தில் சான் பிரான்சிஸ்கோ 49ers அணியிடம் 30-23 என்று தோற்றோம். ஆனால் நகூவா 15 பந்து, 147 யார்டு! ஒரே ஆட்டத்தில் எந்தப் புதுமுகமும் இத்தனை பந்து பிடித்ததில்லை. முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 25, அதுவும் லீக் வரலாற்றில் இல்லாதது. களைத்த தடுப்பு என்று இந்த முறை யாரும் சொல்ல முடியாது. லீக்கின் மிகக் கடுமையான தடுப்புகளில் ஒன்று அது, எதிரே நின்றவர் அவர்களின் முன்னணித் தடுப்பாளர் ஃபிரெட் வார்னர்.

எண்ணிப்பார், எங்கே இருக்கிறீர்கள்?

எண்ணிப்பார் (2023 செப்டம்பர் 18)

இங்கேதான் இருக்கிறேன். முழு ஆட்டமும் பார்த்தேன். முதல் ஆட்டம் தற்செயல் இல்லை. இவர் உண்மையான ஆட்டக்காரர், சந்தேகமில்லை.

ஆனால் ஸ்டாஃபர்ட் நேற்று 55 முறை எறிந்தார், நீலக்கொம்பு. அதில் 20 முறை ஒரே ஆளிடம். இரண்டு பந்துகளை எதிரணி பறித்தது. ஓர் அணி ஐம்பத்தைந்து முறை எறிந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஒரு புதுமுகத்தின் முதுகில் ஏற்றினால், அது அந்தப் பையனின் பெருமையா, அணியின் வறுமையா? என்னைக் கேட்டால் இரண்டும்தான். இரண்டு வாரத்தில் 35 முறை அவரை நோக்கி எறிந்திருக்கிறார்கள். அடுத்த திங்கள் இரவு சின்சினாட்டி. அங்கே தடுப்பாளர்கள் அவர் மேல் இருவராக நிற்பார்கள். மற்ற ரிசீவர்களான ஆட்வெல்லும் வான் ஜெஃபர்சனும் அப்போது பந்தைப் பிடித்தாக வேண்டும்.

கரும்பலகை (2023 செப்டம்பர் 18)

இருவர் நிற்கட்டும். நான் எதிர்பார்ப்பது கப் திரும்பும் நாளை. முதல் நாளிலிருந்து கப் இல்லாததால்தான் இவர் என்கிறீர்கள். நடுப்பகுதியைக் கப் எடுத்துக்கொண்டால் இவர் ஓரத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒண்டிக்கு ஒண்டி, ஓரத்தைக் காக்கும் தடுப்பாளரான கார்னர்பேக் மார்பில் கைவைத்துத் தள்ளுவார், ஒதுங்கி நிற்க இடைவெளி இருக்காது. இவருடைய முதல் அடியும் தோள் வலுவும் அங்கே எப்படி இருக்கின்றன என்பதை இன்னும் போதுமான அளவு பார்க்கவில்லை. நீலக்கொம்பு, சின்சினாட்டி ஆட்டத்தில் அவர் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். பந்து அவரிடம் வராவிட்டாலும் குறியுங்கள். நானும் குறிக்கிறேன்.

நீலக்கொம்பு (2023 செப்டம்பர் 18)

நோட்டு எடுத்துவைத்துவிட்டேன், ஐயா.