ஏற்காட்டு மாடிக் கச்சேரி: பழைய ராக்குக்கு 2 மணி நேரம், புதுப் பசங்களுக்கு 1 மணி நேரம், சரியா?

காப்பித்தோட்டம்:
நண்பரின் எஸ்டேட் வீட்டு மாடியில் மே மாதம் நாம் நடத்தும் பாட்டு மாலை இந்த வருஷமும் உண்டு. 4 மணிக்கு ஆரம்பித்து 7க்கு முடிக்கிறோம். முதல் 2 மணி நேரம் பீட்டில்ஸ், குயின், பிங்க் ஃபிளாய்ட் என்று பழைய ராக், பாப். கடைசி 1 மணி நேரம் சேலத்துப் புதுக் குழுக்கள், சொந்தப் பாட்டோடு. இதற்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தட்டுவடைசெட்:
நான் சொல்கிறேன். போன வருஷமும் கடைசி 1 மணி நேரம்தான் எங்களுக்கு. ஆறு மணிக்குப் பனி இறங்கியது. "20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, இருட்டுறதுக்குள்ள இறங்கணும்" என்று ஒவ்வொரு காராகக் கிளம்பிவிட்டது. குளிரில் கம்பி இறுகிக் கிட்டார் சுருதி ஏறிக்கொண்டே போக, பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி ட்யூன் பண்ணினோம். முடிக்கும்போது எதிரே 6 பேர். அதில் 2 பேர் நாற்காலி அடுக்க வந்தவர்கள்.

மரவனேரி மாமா:
தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் மலை ஏறி வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்? பிங்க் ஃபிளாய்டின் 1973 இசைத்தட்டை நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் வாய் பேசாமல் கேட்போம். முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்ப ஒருவன் மட்டும் எழுந்திருப்பான், அவனும் வெறுங்காலோடு, ஊசி துள்ளிவிடக் கூடாது என்று. அது 50 வருஷம் தாண்டி நிற்கிறது. உங்கள் பாட்டு 50 நாள் நிற்கட்டும், அப்புறம் நேரத்தைப் பற்றிப் பேசலாம்.

தட்டுவடைசெட்:
50 நாள் நிற்க முதலில் யாராவது கேட்கணும் இல்லீங்களா?

அஸ்தம்பட்டி அக்கா:
மாமா, பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் 10 பாட்டுப் பதிவு செய்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு 20 வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஜான் லெனனுக்கு அன்றைக்குச் சளி. தொண்டை கிழியப் பாட வேண்டிய பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்துத்தான் சமாளித்தார்கள். ஆல்பத்தில் இருந்த 14 பாட்டில் 6 பாட்டு அடுத்தவர்களுடையது. அந்த நாலு பேரும் இன்றைக்கு நம்மிடம் வந்து நின்றால், "சொந்தச் சரக்கு பாதிதான் இருக்கு" என்று நாமும் கடைசி 1 மணி நேரத்தில்தான் போட்டிருப்போம்.

மரவனேரி மாமா:
வயதைச் சொன்னாய், ஹாம்பர்க்கை விட்டுவிட்டாயே அம்மா. 1960 முதல் 1962 வரை அந்த ஜெர்மன் ஊர் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக மணிக்கணக்கில் வாசித்துக் கை பழகியவர்கள் அவர்கள். அந்த ஒரு நாள் பதிவு சும்மா வரவில்லை.

தட்டுவடைசெட்:
ஹாம்பர்க்கை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், சார். பெயர் இல்லாத காலத்திலேயே அவர்களுக்கு யாரோ மேடை கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஹாம்பர்க் எது? ஆடி வந்தால் மாரியம்மன் பண்டிகையில் சினிமாப் பாட்டு, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம். நான் கை பழகினது அங்கேதான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் சொந்தப் பாட்டை எடுத்தால் "தெரிஞ்ச பாட்டா போடுப்பா" என்று சீட்டு வரும். ஒரு மண்டபத்தில் பாட்டு பாதி போகும்போதே மைக் நின்றுவிட்டது.

பழைய பெஞ்சு:
கரண்ட் போயிருக்கும்.

தட்டுவடைசெட்:
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கன்னங்குறிச்சி:
அது கிடக்கட்டும். கிளாசிக் என்றதும் ஏன் எல்லாரும் கப்பல் ஏறுகிறீர்கள்? நம்ம சேலத்துப் பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைப் பார்த்துக்கொண்டுதானே மலைக்குப் போகிறோம்? இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் போட்டபோது அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) என்பவருக்கும் சேர்த்துச் சமர்ப்பித்தார். அன்றைக்கு அது புதுசு, இன்றைக்குக் கிளாசிக். புதுசு என்றால் 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' இருக்கிறது. ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியது. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். காப்பிச் செடிக்கு நடுவில் அதைப் பாடாமல் வேறு எங்கே போய்ப் பாடுவது?

மரவனேரி மாமா:
ராஜா என்றால் முழுச் சம்மதம். ராப் என் காதில் ஏறவில்லை, ஏறாததை ஏறியது என்று சொல்ல மாட்டேன். அதோடு பழசையும் புதுசையும் மாற்றி மாற்றிப் போட்டால் லயிப்பு கலைந்துபோகும். பந்தியில் பாயசத்துக்கு அப்புறம் சாம்பார் ஊற்றுகிற கதை அது.

அஸ்தம்பட்டி அக்கா:
பாயசத்துக்கு அப்புறம் மோர் ஊற்றுவார்களே மாமா, குடிக்காமலா எழுந்திருக்கிறீர்கள்?

விடுதிவாசி:
நான் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்தவன். குயினின் ஃப்ரெடி மெர்க்குரியும் மகாராஷ்டிரத்தில் பஞ்சகனி என்ற மலை ஊரில் விடுதிப் பள்ளியில் படித்தவர்தான். பள்ளி நண்பர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' என்று குழு சேர்த்துப் பியானோ வாசித்திருக்கிறார். இங்கேயும் விடுதிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் ஆறு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். புதுப் பாட்டை ஆறுக்கு மேல் வைத்தால் அதைக் கேட்க வேண்டிய வயசுக்காரர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

காப்பித்தோட்டம்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, மாற்றுகிறேன். 4 மணிக்கு முதல் ஆள் புதுக் குழு. அப்புறம் ஆறு வரைக்கும் ஒரு பழசு, ஒரு புதுசு. ஆறுக்கு மேல் பழசு மட்டும், அது மாமா கணக்கு. ராஜாவுக்கு எப்படியும் அரை மணி நேரம் உண்டு.

மரவனேரி மாமா:
அப்படியென்றால் பனியும் இருட்டும் பீட்டில்ஸுக்கா? எல்லாரும் கிளம்பிவிட்டால்?

தட்டுவடைசெட்:
50 வருஷம் நின்ற பாட்டுங்க, ஒரு மணி நேரம் நிற்காதா?

மரவனேரி மாமா:
வாய் ஜாஸ்தி உனக்கு. சரி, நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு மணிக்கு டிரம்ஸுக்கு யார்?

தட்டுவடைசெட்:
நான்தான் சார். போன வருஷம் உங்கள் குயின் பாட்டுக்கும் நான்தான் வாசித்தேன்.

மரவனேரி மாமா:
அது நீயா? பாட்டு லிஸ்ட் நாளைக்கு அனுப்புகிறேன். அதில் ரெண்டு பாட்டு ரொம்ப மெதுவானது. போன தடவை மாதிரி ஓட்டாதே.