இராத்திரியில் நாயை விரியன் கடித்தால் எங்கே கொண்டு போவது? (சென்னிமலை பக்கம்)

கேட்பவர்: கிளுவைவேலி

வணக்கம்ங்க. சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். தார் ரோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் இட்டேரியில் வரவேண்டும். வீட்டில் நான், அத்தை, இரண்டு குழந்தைகள். வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் நைட் ஷிப்ட். ராத்திரியில் என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டி மட்டும்தான்.

போன புரட்டாசியில் எங்கள் மணி செத்துப்போனான். நாட்டு நாய், 9 வயது. இரவு 9 மணி இருக்கும், கட்டுத்தறிக்குப் பின்னால் சோளத்தட்டுப் போரடியில் குரைத்தான். அப்புறம் ஒரே ஒரு கத்தல். டார்ச் அடித்தால், கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்து குக்கர் விசில் மாதிரி சீறிக்கொண்டிருந்தது. மணிக்கு மூக்கோரம் கடி. பத்து நிமிஷத்தில் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

அத்தை சிறியாநங்கையை அரைத்து வாயில் ஊற்றினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மணிக்குத் தினமும் சோறு போட்டு வளர்த்தவர் அவர்தான். நான் போனை எடுத்தேன். 24 மணி நேரம் என்று போர்டு வைத்திருந்த இடத்துக்கு நான்கு முறை அடித்தும் எடுக்கவில்லை. இன்னொருவர், காலையில் கூட்டி வாங்க என்றார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கல்யாண வீட்டிலிருந்து மினி ஆட்டோவோடு திரும்பியபோது இரவு 11 ஆகிவிட்டது. ஈரோட்டில் ஒரு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டும்போது 12-ஐத் தாண்டிவிட்டது.

அவர் எழுந்து வந்து பார்த்தார். இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜை மேல் வைத்தார். 20 நிமிஷம் யாரும் தொடக்கூடாது என்றார். அந்த 20 நிமிஷம் நான் மணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விஷமுறிவு மருந்து ஏற்றினார். கையில் 2 குப்பிதான் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் வாங்கி ஏற்றினோம். மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுவிட்டது. நான்காம் நாள் விடியக்காலம் போய்விட்டான்.

இப்போது பிள்ளைகள் ஒரு குட்டி கொண்டு வந்திருக்கிறார்கள், 4 மாதம். ராத்திரியில் அது போரடிப் பக்கம் போனாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த 20 நிமிஷம் காத்திருக்காமல் மருந்து போட்டிருந்தால் மணி பிழைத்திருப்பானா? மருந்தை நானே வாங்கி வீட்டில் வைக்கலாமா? ஒற்றை ஆளாக ஸ்கூட்டியில் நாயை எப்படிக் கொண்டு போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அமராவதிக்கரை

அம்மா, நான் கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்துவிட்டுத் தாராபுரம் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் அந்த 20 நிமிஷத்தைச் சொல்கிறேன், அதுதான் உங்களை அரிக்கிறது என்று தெரிகிறது.

கண்ணாடி விரியன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. அது கெட்டிருக்கிறதா என்று பார்க்க, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் விட்டு 20 நிமிஷம் அசைக்காமல் வைப்போம். சாய்த்துப் பார்க்கும்போது தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது. பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. ஈறிலிருந்தோ மூத்திரத்திலோ இரத்தம் வந்துவிட்டால் இதற்காகக் காத்திருக்க மாட்டோம். அப்படி வெளியில் இரத்தம் எதுவும் வராதபோது, விஷம் இரத்தத்தைக் கெடுத்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் சொல்ல எங்களுக்கு இருப்பது இந்தக் குழாய்தான். அந்த டாக்டர் உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. மணிக்குப் போனது அதற்கு முந்தைய மூன்று மணி நேரம். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த முறைக்கு உங்களுக்கு உதவும் விஷயம் இதுதான்.

குப்பி எண்ணிக்கையும் முக்கியம். நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நான்கு பாம்புக்கும் ஒன்றே: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மனிதனுக்குப் போடுவதும் இதுதான். 10 மில்லி குப்பி ஒன்று கண்ணாடி விரியன் விஷத்தில் சுமார் 6 மில்லிகிராமை முறிக்கும். ஒரே கடியில் அதைவிடப் பல மடங்கு இறங்கலாம். நாய் சின்னது, பாதி போதும் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து முறிக்க வேண்டியது விஷத்தை. குட்டி நாய்க்குள் போனாலும் பெரிய நாய்க்குள் போனாலும் பாம்பு விட்ட விஷம் அதே அளவுதான். அதனால் டாக்டருக்குப் போன் செய்யும்போதே "கையில் எத்தனை குப்பி இருக்கிறது?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை.

வீட்டில் வாங்கி வைத்து நீங்களே போடுவது மட்டும் வேண்டாம். குதிரை இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து இது. சில நாய்களுக்கு ஏற்றும்போதே ஒவ்வாமை வந்து மூச்சு அடைக்கும். அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி கையில் இல்லாமல் நாங்களே தொடங்க மாட்டோம். இரத்தக் குழாயில்தான் ஏற்றவும் வேண்டும். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் குப்பிகளை இருப்பு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

கடித்த உடனே கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். முகம் வீங்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். நாயை நடக்க விடாமல் தூக்குங்கள். கீறுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். வாயில் பச்சிலைச் சாறோ பாலோ எண்ணெயோ ஊற்றினால், வீங்கிய தொண்டையில் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அத்தையிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நின்று நேரத்தை விடாதீர்கள், தள்ளி நின்று ஒரு போட்டோ போதும்.

பதில்: தடப்பள்ளி

ஊர் கோபிச்செட்டிபாளையம்ங்க, நெல் வயல்காட்டுக்குள் வீடு. எங்கள் ஜூலியை நாகம் கடித்தது. அது விரியன் மாதிரி இல்லை. வீக்கம் கொஞ்சம்தான், ஆனால் அரை மணி நேரத்தில் கண் இமை தொங்கி, பின்னங்கால் துவண்டு, மூச்சே இழுக்க முடியவில்லை. போகும் வழியிலேயே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். நாங்கள் இறங்கும்போது அவர் ஊசி மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். விஷமுறிவோடு, துவண்ட தசைகளுக்காக நியோஸ்டிக்மின், அட்ரோபின் என்ற ஊசிகளும் போட்டார். அப்படியும் மூச்சு நின்றுபோக, தொண்டைக்குள் குழாய் விட்டு ரப்பர் பையைக் கையில் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தோம். நான், என் தம்பி, டாக்டரின் உதவியாளர் என்று மாற்றி மாற்றி விடியும் வரை. காலை 6 மணி வாக்கில் தானாக ஒரு மூச்சு இழுத்தாள். அந்த மூச்சை இன்னும் மறக்கவில்லை.

ஸ்கூட்டிக்கு ஒரு வழி சொல்கிறேன். தக்காளிக் கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) ஒன்றில் பழைய போர்வை போட்டுக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கட்டிப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போதே அதில் உட்காரப் பழக்குங்கள். வளர்ந்த பிறகு அது போதாது. பெரிய நாய்க்குக் கட்டாயம் இரண்டாவது ஆள் வேண்டும், போர்வையில் படுக்க வைத்து நான்கு மூலையும் பிடித்துத் தூக்க. வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். துணியால் வாயைத் தளர்வாகக் கட்டலாம், ஆனால் மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ முகம் வீங்கியிருந்தாலோ கட்டாதீர்கள்.

பதில்: கொறங்காடு

1962 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், எங்கள் எருமைக்கு வந்தார்கள். ஆனால் பாம்புக்கடிக்கு, அதுவும் ராத்திரியில், அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதல் மருந்து பக்கத்தில் ஏற்றிவிட்டு, சிறுநீரகம் கெடுகிற மாதிரி தெரிந்தால் அங்கே போகலாமா என்று உங்கள் டாக்டரிடம் முன்பே பேசி வையுங்கள். சோளத்தட்டுப் போரை வீட்டை விட்டுத் தள்ளிப் போடுங்கள். எலி வருகிற இடத்துக்குத்தான் விரியன் வரும்.

கிளுவைவேலி

எல்லோருக்கும் நன்றிங்க. டாக்டர் சார் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பட்டையைக் கழட்டோணும்னு அன்னைக்கு யாருக்குத் தெரிஞ்சுது சாமி" என்றார்.

நேற்று ஈரோட்டு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை, நேற்றுதான் சொன்னேன். எட்டுக் குப்பி இருப்பு வைக்க ஒத்துக்கொண்டார், ஐந்து தோட்டத்துக்காரர்கள் பணம் போடுகிறோம். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் மினி ஆட்டோ சாவி தொங்கும் இடத்தைக் காட்டியிருக்கிறார். அவர் இல்லாத ராத்திரிகளில் ஓட்ட அவர் மகன் இருக்கிறான். டாக்டர் நம்பரைக் கட்டுத்தறிச் சுவரில் கரியால் எழுதியாயிற்று, அத்தைக்குத் தெரியும்படி பெரிதாக.

போரை இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறோம். குட்டி கிரேடில் உட்கார்ந்தால் இறங்க மாட்டேன் என்கிறது.