நான்கு ஏக்கரோடு வீடு: ஸ்டாம்ப் டியூட்டி சந்தேகம் (அவசரம்)

கரிசல்காட்டான்
வணக்கம். வீடும் நிலமும் சேர்த்து வாங்குகிறேன். சொலிசிட்டர் (வாங்கும் வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) இன்று காலை ஒரே வரியில் கடிதம் அனுப்பிவிட்டார்: "ஸ்டாம்ப் டியூட்டி குறித்து நாங்கள் ஆலோசனை சொல்வதில்லை, தனி வரி நிபுணரை அணுகவும்." பிறகு இவருக்கு எதற்குக் கட்டணம்? நிலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகள் மேய்கின்றன. அதனால் குறைந்த வீதம்தான் வரும் என்கிறார் விற்பனை ஏஜெண்ட். உண்மையா? வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்ச், அதாவது ஒப்பந்தம் கைமாறும் நாள்.

மழைக்குருவி
இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா, வேல்ஸா? மூன்றிலும் சட்டம் ஒன்றல்ல. விலை என்ன? பண்ணைக்காரர் வாடகை தருகிறாரா, சும்மா விட்டிருக்கிறாரா?

பழைய கணக்கன்
தம்பி, தலைப்பில் "அவசரம்" என்று போடத் தெரிந்தவருக்கு விலையைப் போடத் தெரியவில்லை. வைத்தியரிடம் போய் நாக்கை மட்டும் நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கிறது. இந்த விஷயத்தை நான் பல முறை எழுதியாயிற்று.

வேலியோரம்
ரொம்ப எளிது. அரை ஹெக்டேர் வரைதான் வீட்டோடு சேர்ந்த தோட்டம். நான்கு ஏக்கர் என்றால் ஏறக்குறைய 1.6 ஹெக்டேர். மிச்சமெல்லாம் விவசாய நிலம். கலப்புப் பயன்பாடு, அதாவது குடியிருப்பும் வேறு பயன்பாடும் சேர்ந்த சொத்து என்று போட்டுவிடுங்கள்.

பழைய கணக்கன்
இதோ வந்துவிட்டது அரை ஹெக்டேர்! அது வீட்டை விற்கும்போது பார்க்கிற மூலதன ஆதாய வரியின் அளவு. வாங்கும்போது கட்டும் ஸ்டாம்ப் டியூட்டிக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது. வீட்டைச் சேர்ந்த வெளிநிலத்துக்கு அளவு வரம்பு இல்லை என்று 2022ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி.

கரிசல்காட்டான்
மன்னிக்கவும், பஸ்ஸில் இருந்து எழுதினேன். இங்கிலாந்து. 8,50,000 பவுண்டு. வாடகை, எழுத்து எதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆட்டுத் தொடை கொடுப்பாராம்.

மழைக்குருவி
2025 ஏப்ரல் முதல் உள்ள வீதப்படி கணக்குப் போட்டேன். குடியிருப்பு என்றால் 32,500 பவுண்டு. கலப்புப் பயன்பாடு என்றால் 32,000. வெறும் 500 பவுண்டுக்காகவா ஆட்டை இழுக்கிறீர்கள்? நிபுணரின் கட்டணம் அதைத் தாண்டிவிடும். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா? உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும்.

கரிசல்காட்டான்
என் பெயரில் எதுவும் இல்லை. இங்கே வாடகை வீடுதான். மனைவி பெயரில் ஊரில் ஒரு வீடு இருக்கிறது, அவருடைய அப்பா எழுதிவைத்தது. ஆனால் பத்திரம் என் பெயரில் மட்டும்தான் போடுகிறோம், அதனால் அது கணக்கில் வராது அல்லவா?

மழைக்குருவி
வரும். கணவன் மனைவி சேர்ந்து வாழ்ந்தால் இருவரையும் ஒருவராகத்தான் பார்ப்பார்கள். அந்த வீட்டின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், நீங்கள் வசித்துவந்த சொந்த வீட்டை விற்று இதை வாங்கவும் இல்லை என்பதால், முழு விலைக்கும் 5% கூடுதல் தீர்வை. 42,500 சேர்ந்து 75,000 ஆகிவிடும். கலப்புப் பயன்பாட்டுக்கு இந்தக் கூடுதல் கிடையாது. இப்போது வித்தியாசம் 43,000. சொலிசிட்டர் ஏன் நழுவினார் என்று புரிகிறதா?

"எழுதிவைத்தது" என்றால் உயிலா, தானப் பத்திரமா? எப்போது? முழு வீடுமா, பங்கா? கடந்த மூன்று வருடத்துக்குள் வாரிசாக வந்த பாதிப் பங்கோ அதற்குக் குறைவோ என்றால் கணக்கில் சேராது. தானம் அந்த விலக்கில் வராது.

வேலியோரம்
அப்படியானால் ஆட்டை விடாதீர்கள்! இப்போது முழுத் தொகையையும் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேளுங்கள். அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கிடைத்தால்தான் கட்டணம்.

நாற்சந்தி
அந்த வழியில் போனவன் நான். ஒரு நிறுவனம் தானாகவே கடிதம் எழுதி, பணத்தைத் திரும்ப வாங்கியும் கொடுத்தது. அதில் கணிசமான பங்கு அவர்களுக்கு. வரித்துறை பிறகு விசாரணை வைத்து முழுத் தொகையையும் வட்டியோடு என்னிடம் கேட்டது. நிறுவனம் தன் பங்கைத் திருப்பவில்லை. படிவத்தில் இருப்பது வாங்குபவரின் பெயர்தான்.

வேலியோரம்
ஒருவருக்குக் கெட்டது நடந்தால் எல்லாருக்கும் நடக்குமா? ஆட்டுத் தொடையும் வாடகைதான். எங்கள் தாத்தா காலத்தில் குத்தகை நெல்லாகத்தான் வந்தது.

பழைய கணக்கன்
உங்கள் தாத்தாவின் குத்தகைக்கு அளவு இருந்தது, அறுவடைக்கு வராவிட்டால் கேட்க ஆளும் இருந்தது. இது பண்டிகை மரியாதை. புல்லை வெட்டும் செலவு மிச்சம் என்று வீட்டுக்காரர் ஆட்டை விட்டிருக்கிறார், அவ்வளவே. உண்மையான வியாபாரப் பயன்பாடா என்றுதான் தீர்ப்பாயம் பார்க்கும்.

வேலியோரம்
நீங்கள் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா?

பழைய கணக்கன்
உட்காரவில்லை, படிக்கிறேன். கரிசல்காட்டான், இவரை விடுங்கள். பட்டயம் பெற்ற வரி ஆலோசகர் ஒருவரைத் தேடுங்கள். வருமான வரிப் படிவம் நிரப்புகிறவர் போதாது. ஸ்டாம்ப் டியூட்டி மட்டுமே தினமும் பார்க்கிறவரா, தொழில்முறைக் காப்பீடு உண்டா, கருத்தை எழுத்தில் தருவாரா, கட்டணம் நிலையானதா என்று கேளுங்கள். மேய்ச்சல் நிலத்தின் வரைபடம், வேலி, தனி வாசல் உண்டா, விற்பவரும் பண்ணைக்காரரும் பேசிக்கொண்ட மின்னஞ்சல், மனைவியின் பத்திர நகல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே போக வேண்டும். கம்ப்ளீஷன், அதாவது சொத்து கைக்கு வருவது, ஆன 14 நாளில் படிவமும் பணமும் போயாக வேண்டும், அப்போது ஆள் தேடி ஓட முடியாது.

நாற்சந்தி
இதை முதல் பதிலிலேயே திட்டாமல் சொல்லியிருக்கலாமே ஐயா.

கரிசல்காட்டான்
எக்ஸ்சேஞ்சை இரண்டு வாரம் தள்ளிவைத்தாயிற்று. ஏஜெண்டுக்குக் கோபம். நிபுணரும் முதலில் கேட்டது உயிலா தானமா என்பதைத்தான். மைத்துனரிடம் நகல் கேட்டிருக்கிறோம், அவர் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அனைவருக்கும் நன்றி.

மழைக்குருவி
ஆட்டுத் தொடையைப் பற்றி நிபுணர் என்ன சொன்னார்?

வேலியோரம்
ஆமாம், அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.