மலையிலும் அடிவாரத்திலும் பிரசவம்: உங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

ஏற்காட்டுக்காரி:
எனக்குத் தலைப்பிரசவம் மலையிலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்தில். இரண்டாவது சேலத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். வசதி எங்கே அதிகம் என்றால் கீழேதான். எங்கே நன்றாகப் பார்த்தார்கள் என்றால் மேலே என்பேன்.

மேலே இருந்த செவிலியர் ஒவ்வொரு முறை பரிசோதிக்கும் முன்பும் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். வலி விட்ட நேரத்தில் எழுந்து நடக்கச் சொன்னார். அத்தை பக்கத்திலேயே நின்று இடுப்பைத் தேய்த்துவிட்டார். குழந்தை வெளியே வந்ததும் தொடையில் ஓர் ஊசி. "ரத்தப்போக்கு மிஞ்சாமல் இருக்கத்தான், பயப்படாதே கண்ணு" என்றார். நான் கேட்கக்கூட இல்லை.

இரண்டாவதில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் 108 வண்டியில், இடது பக்கமாகப் படுத்தபடி இறங்கினேன். பிரசவ வார்டு வாசலிலேயே அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2004 முதலே உண்டு. வாசலில் நின்றவரிடம் அதை யார் சொல்வது? உள்ளே வலி தாங்காமல் கத்தினால், "அப்போது இனித்தது, இப்போது கசக்கிறதா?" என்று ஒரு கேள்வி. பிறந்த பிறகு ஆண் பிள்ளை என்று சொல்லிப் பணம் கேட்டார்கள். பெண் பிள்ளைக்குக் கொஞ்சம் மலிவாம்! என் உயிரைக் காத்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள், மறுக்கவில்லை. அதற்காக அந்தக் கேள்வியை மறந்துவிட முடியுமா?

ஓய்வு பெற்ற செவிலியர்:
அந்தக் கேள்வி வார்டுகளில் என் காதிலும் விழுந்திருக்கிறது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணிக்குப் பெரும்பாலும் ஒரே செவிலியர்தான். பிரசவ வலியும் பாம்புக்கடியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும். ரத்த அழுத்தம் ஏறினால் கீழே அனுப்புவது தட்டிக்கழிப்பதற்கு அல்ல. அறுவை சிகிச்சை செய்யவோ ரத்தம் ஏற்றவோ அங்கே வழியில்லை. அதை வாய் திறந்து சொல்லாமல் வண்டியில் ஏற்றுகிறார்கள் பாருங்கள், அதுதான் எங்கள் பக்கத்துத் தவறு. பணம் கேட்டால் 104க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

ஓமலூர்ப் பெண்:
எனக்குத் துணைக்கு விட்டார்கள். ஆனால் யார் வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை. மாமியாரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். நல்லவர்தான், இருந்தாலும் அவர் எதிரில் வாய்விட்டு அழக்கூட முடியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த முறை மாதப் பரிசோதனையின்போதே கிராம சுகாதார செவிலியரிடம் "என் அம்மாதான் வருவார்" என்று சொல்லி, தாய் சேய் நல அட்டையிலும் எழுதி வாங்கிக்கொண்டேன். மாமியாருக்கு ஒரு வாரம் முகம் சரியில்லை. அம்மாதான் உள்ளே வந்தார்.