பழைய இராணுவத் துவக்கு வாங்கப் போன கதை உங்களிடமும் உண்டா?

கல்லடியிலிருந்து:

கனடாவில் அக்கா வீட்டில் மூன்று மாதம் நின்றபோது நடந்தது இது. அத்தானுக்குப் பழைய சாமான் பைத்தியம். ஒரு சனிக்கிழமை காலை, "வா, ஒரு த்ரீ நாட் த்ரீ பார்த்துவிட்டு வருவோம்" என்றார். பழைய பிரிட்டிஷ் இராணுவத் துவக்கு அது. எனக்கு வயிறு கலங்கியது. 1990இல் மட்டக்களப்பில் பொடியனாக இருந்தவனுக்கு அந்தப் பெயர் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

விற்பவரின் மேசையில் இரண்டு த்ரீ நாட் த்ரீ, லீ என்ஃபீல்ட் நம்பர் 4 என்ற வகை. ஒன்று வார்னிஷ் பூசி மினுங்கியது. மற்றது மங்கல், மரத்தில் கீறல். அத்தான் மினுங்கியதைத் தூக்கி, போல்டில் (ரவையைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டில்) வெட்டியிருந்த இலக்கத்தையும் உடலிலிருந்த இலக்கத்தையும் பார்த்தார். வேறு வேறு; போல்ட் வேறொரு துவக்கினுடையது. பேசாமல் வைத்துவிட்டார். மங்கலில் இரண்டும் ஒன்று. போல்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் அடித்தார். பிறகு ஒரு ரவையின் நுனியைக் குழல்வாயில் வைத்துப் பார்த்தார். பித்தளை விளிம்பு வரை இறங்கினால் வாய் தேய்ந்துவிட்டதாம். இது பாதியிலேயே நின்றது.

குழலுக்குள் ரவையைச் சுழற்றிவிட வெட்டும் வரிகள் இரண்டே இரண்டு. தேய்ந்த சாமான் என்று நான் முணுமுணுக்க, விற்றவர் சிரித்தார். போர் அவசரத்தில் ஐந்து வரிக்குப் பதில் இரண்டு வரி வெட்டிய குழலாம். முத்திரை லாங் பிராஞ்ச், 1943. அந்தத் தொழிற்சாலை இருந்த இடம் இப்போது மிசிசாகா. நம்மவர்கள் பலர் வீடு வாங்கியிருக்கும் ஊர்!

லைசென்ஸுக்கு வகுப்பு, பரீட்சை, 28 நாள் காத்திருப்பு எல்லாம் அத்தான் முன்பே முடித்திருந்தார். அக்காவின் நிபந்தனைதான் கடினம்: விசைக்குப் பூட்டு, பெட்டிக்குப் பூட்டு, சுவாமி அறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

கல்முனையிலிருந்து:

அண்ணன், என் தம்பியும் அங்கேதான். அவன் வாங்கியது மொசின் நகான் என்ற பழைய ரஷ்ய இராணுவத் துவக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரஷ்யர்களே திருத்தி, கிரீஸில் முக்கி அடுக்கி வைத்தவை. வீடியோவில் காட்டினான்: தேன்மெழுகு மாதிரிப் பழுப்பாக, மரத்துக்குள்ளும் ஊறியிருந்தது. கறுப்புப் பையில் சுற்றி வெயிலில் வைக்க, கிரீஸ் உருகி வழிந்தது. மனைவியின் நல்ல துவாய் இரண்டு அதோடு போயிற்று.

அவன் விட்ட பிழை வேறு. பழைய இராணுவ ரவையைச் சுட்டால் குழலுக்குள் உப்புப் படியும். அது ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரை வீட்டு இரும்பு கேட்டைப் போல. கேத்தலில் கொதிநீர் எடுத்துக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய் போட வேண்டும். எண்ணெய் மட்டும் போட்டான். இரண்டு கிழமையில் துரு! நல்லாயிருந்த சாமானை நாசமாக்கினான் என்று இன்னும் ஏசுகிறேன்.

படுவான்கரையிலிருந்து:

இங்கே எங்களுக்கு யானை விரட்டும் வெடிதான். அப்பாவிடம் 12 bore வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. வருடா வருடம் கச்சேரிக்குப் போய் லைசென்ஸ் புதுப்பிப்பார். பன்றி வராத இரவிலும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். சண்டைக் காலத்தில் ஒப்படைத்தது, திரும்பி வரவில்லை. ரசீது மட்டும் ட்ரங்குப் பெட்டிக்குள் கிடக்கிறது. கல்லடி அண்ணன், சுட்டுப் பார்த்தீங்களா?

கல்லடியிலிருந்து:

இல்லை தம்பி. கையில் தந்தார்கள், நாலு கிலோவுக்கு மேல் பாரம். அத்தான் போல்டை இழுத்து விட்டார். அந்தச் சத்தத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து காரில் இருந்துவிட்டேன்.