பில் இல்லாத சிகரெட் பாக்கெட்டை வாங்கி வைக்கலாமா?

காவேரிப்பட்டணம் கடைக்காரர்:
14 வருஷமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். 2026 பிப்ரவரி 1-ஆம் தேதி புது வரி வந்ததிலிருந்து சிகரெட் வியாபாரம் படுத்துவிட்டது. மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர்கள் டீயோடு ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். இப்போது ஒன்றை வாங்கி இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுக்கிறார்கள், இல்லையென்றால் ஒரு கட்டு பீடி. அப்புறம், ஒரு பையன் வாராவாரம் பைக்கில் வெளிநாட்டு சிகரெட் கொண்டுவருகிறான். 20 உள்ள பாக்கெட் எனக்கு 35 ரூபாய், 60-க்கு விற்கலாமாம். பில் கேட்டால் சிரிக்கிறான். அக்கம்பக்கக் கடைகளில் வாங்கிவிட்டார்கள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். வாங்கினால் என்ன ஆகும்?

ஓசூர் மொத்த வியாபாரி:
வேண்டாம் தம்பி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய கலால் வரி 1,000 சிகரெட்டுக்கு 2,050 ரூபாயில் தொடங்கி 8,500 வரை போகிறது. அடிமட்ட ரகத்துக்கே 20 சிகரெட்டுக்கு 41 ரூபாய் வரி. அதற்கு மேல் 40 சதவீத ஜிஎஸ்டி. வரியே 41 ரூபாயைத் தாண்டும்போது அவன் முழுப் பாக்கெட்டையும் 35-க்குத் தருகிறான் என்றால் ஒரு பைசா வரி கட்டாத சரக்கு அது.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். இங்கே ஒரு கடையில் நான் பார்த்தது பளபளவென்று தங்க நிற அட்டை. படமும் இல்லை, விலையும் அச்சிடவில்லை. 2003-ஆம் வருஷச் சட்டப்படி, எச்சரிக்கை இல்லாத பாக்கெட்டை விற்பவருக்கே முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடத்தல் வழக்கு தனி. அன்றைக்கு அந்தப் பையன் போனை எடுக்க மாட்டான்.

பாலக்கோடு டீச்சர்:
அண்ணா, வரி ஏறியதில் எனக்கு வருத்தமே இல்லை. என் வருத்தம் பீடியைப் பற்றித்தான். சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 40 ஆனபோது பீடிக்கு 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் அப்பா பீடியால்தான் போனார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கும்போதே தலையணைக்கு அடியில் பீடிக்கட்டைத் தடவித் தேடிய கை அது. உங்கள் மண்டி ஆட்கள் சிகரெட்டை விட்டுப் பீடிக்குப் போனால் யாருக்கு என்ன லாபம்?

தடை போட்டால் மட்டும் போதாது என்பதற்குக் குட்காவே சாட்சி. 2013-லிருந்து நம் மாநிலத்தில் தடை. இருந்தும் எட்டாம் வகுப்புப் பையன் ஜியோமெட்ரி பாக்ஸில் அந்தப் பொட்டலத்தை நானே எடுத்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வழியாக மூட்டை மூட்டையாக வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலையே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாராவது அளந்து பார்த்தால் போதும். வரியும் சோதனையும் சேர்ந்து வரவேண்டும் அண்ணா. வரி மட்டும் ஏறினால் நேர்மையான கடைக்காரர்தான் அடிபடுகிறார்.

காவேரிப்பட்டணம் கடைக்காரர்:
இரண்டு பேருக்கும் நன்றி. 41 ரூபாய்க் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இன்று காலை பையன் வந்தான், பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, படம் எங்கே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அடுத்த கடைக்கு வண்டியை எடுத்துவிட்டான். சிகரெட் தட்டில் பாதியை எடுத்துவிட்டுக் கடலை மிட்டாய் ஜாடி வைத்திருக்கிறேன். டீச்சரம்மா, என் கடைக்கும் பள்ளிக்கூட கேட்டுக்கும் நடுவில் எத்தனை கெஜம் என்று சாயங்காலம் கடை சாத்தியதும் டேப் வைத்து அளக்கப் போகிறேன்.