கடற்படைத் தளத்துக்குப் பக்கத்துத் தோட்டம்: பண்டை (கடலோர மண் அணையை) உயர்த்தக் கேட்பதா, வேறு எதையாவது கேட்பதா?

லயத்துவாசி
வணக்கம். மலேசியாவின் மஞ்சோங் மாவட்டம், லூமுட் கடற்படைத் தளத்துப் பக்கம் உள்ள செம்பனைத் தோட்டத்துக்காகக் கேட்கிறேன். பௌர்ணமி, அமாவாசை கடல் ஏற்றத்தோடு மழையும் சேர்ந்தால் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தண்ணீர் நின்றுவிடுகிறது, இரண்டு நாள் இறங்குவதில்லை. கடலோரப் பண்டை ஒரு மீட்டர் உயர்த்தச் சொல்லி, ரஞ்சாங்கான் தெம்பாத்தான் (வட்டார நிலப்பயன்பாட்டுத் திட்டம்) வரைவு வரும்போது மனு கொடுக்கலாம் என்று குடியிருப்பாளர் சங்கத்தில் பேச்சு. அது சரியான கோரிக்கையா? தளம் பக்கத்தில் இருப்பதால் நாம் பேசக்கூடாத விஷயம் ஏதும் உண்டா?

மட்டக்கோல்
உயரத்தைப் பேசுமுன் எல்லா அளவையும் ஒரே பூஜ்யத்துக்கு, அதாவது உயரத்தை எண்ணத் தொடங்கும் ஒரே மட்டத்துக்கு, கொண்டு வாருங்கள். இந்த மாதிரி மனுக்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. ஏற்றவற்ற அட்டவணையில் இருக்கும் உயரம் கடல்வரைபடப் பூஜ்யத்திலிருந்து எடுத்தது. நில அளவையாளர் கொடுக்கும் மட்டம் தீபகற்ப மலேசியாவின் செங்குத்துப் பூஜ்யத்திலிருந்து வருவது. அது கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை எடுத்த சராசரி கடல்மட்டம். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் தப்பாகும். அட்டவணையில் உங்கள் துறைமுகத்துக்குச் சராசரி கடல்மட்டம் 1.6 என்று போட்டிருப்பதாக வையுங்கள். அன்றைய ஏற்றம் 3.0 என்றால், நிலத்துக் கணக்கில் அது சுமார் 1.4 மீட்டர்தான். பண்டின் உச்சி 2.2 என்றால் இன்னும் 0.8 மீட்டர் மிச்சம் இருக்கிறது. ஆனால் 3.0-ஐயும் 2.2-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பண்டு மூழ்குகிறது என்று பதறுவார்.

இதுவும் தோராயம்தான். கடல்மட்டம் அந்த ஆண்டுகளில் இருந்த இடத்திலேயே இன்று இல்லை, ஊருக்கு ஊர் வித்தியாசமும் உண்டு. ஆகவே கான் (வடிகால்) கடலில் சேரும் இடத்துத் தண்ணீர்க் கதவுக்கு வெளியே ஒரு அளவுகோலை நட்டு, பெரிய ஏற்றம் வரும் மூன்று நாள் அரைமணிக்கு ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள்.

பண்டின் உச்சியை 20 மீட்டருக்கு ஒரு இடத்தில் அளக்க வேண்டும். சராசரி உயரம் எதற்கும் உதவாது, தண்ணீர் தாழ்ந்த இடத்தைத்தான் தேடிப் போகும். கதவின் அடிப்படி, கானின் அடிமட்டம், லயத்திலேயே தாழ்ந்த வீட்டின் தரை, சாலையின் தாழ்ந்த புள்ளி, இந்த நான்கும் மனுவில் இருந்தாக வேண்டும்.

பாரிட்
லயத்துவாசி அண்ணே, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தண்ணீர் பண்டைத் தாண்டி வரவில்லை, உள்ளே பெய்த மழை வெளியே போகமுடியாமல் நிற்கிறது. அப்படியென்றால் பண்டை உயர்த்தி ஒரு பயனும் இல்லை.

மேலே கீல் வைத்த மடிப்புக் கதவு கடல் இறங்கினால்தான் திறக்கும். ஓர் ஏற்ற இறக்கச் சுற்று சுமார் 12 மணி 25 நிமிடம். கடல் சராசரிக்கு மேலும் கீழும் ஒரு மீட்டர் ஆடுகிறது, கானின் மட்டம் அந்தச் சராசரியிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், கதவு ஒரு சுற்றில் 6.2 மணி நேரம் திறந்திருக்கும். கடல்மட்டம் 0.3 மீட்டர் கூடினால் அது 5 மணியாகச் சுருங்கும். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மட்ட வித்தியாசமும் குறைவதால், வெளியேறும் தண்ணீர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். பண்டில் ஒரு பிடி மண்கூடச் சரியாமலே லயம் மூழ்குவது இப்படித்தான்.

முதலில் கதவையே பாருங்கள். செம்பனை மட்டை சிக்கி ஒரு சாண் திறந்தே நின்றால் ஏற்றத்தில் உப்புத்தண்ணீர் உள்ளே வரும். கீல் துருப்பிடித்தால் இறக்கத்தில் முழுதாகத் திறக்காது. ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். குப்பைத் தடுப்புக் கம்பி கதவுக்குச் சில மீட்டர் உள்ளே தள்ளி இருக்கட்டும், கதவோடு ஒட்டி வைத்தால் அதை அள்ளவே முடியாது.

பண்டை உயர்த்தியே ஆகவேண்டுமானால், ஒரு மீட்டர் களிமண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.7, 1.8 டன் பாரம். இன்னும் இறுகாத கடலோரக் களிமண்ணில் அதை ஒரே மூச்சில் ஏற்றினால் பண்டு அமிழும், சில இடத்தில் அடியோடு சரியும். 30 சென்டிமீட்டராக ஏற்றி, இறுக விட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். மண்ணைப் பண்டின் உள்ளடிவாரத்திலிருந்து தோண்டி எடுப்பது மிகப்பெரிய தவறு, பண்டைத் தாங்கி நிற்பதே அந்த மண்தான்.

கானை ஆழப்படுத்துவதிலும் கவனம் தேவை. கடலோர மண்ணில் கந்தக அடுக்கு இருந்தால், தண்ணீர் இறங்கிக் காற்றுப் பட்டதும் அமிலமாகிவிடும். மஞ்சள் புள்ளி, துருநிறத் தண்ணீர், அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு 3.5-க்குக் கீழே இறங்குவது, இவைதான் அடையாளம். செம்பனைக்கு நிலத்தடி நீர் 50 முதல் 75 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்பது நல்லது. கந்தக அடுக்கு அதற்கு மேலேயே இருந்தால் அந்த அடுக்கு மூழ்கியிருக்கும்படி தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

நிலவரை
தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1959-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டம் வேலிக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. வேலிக்குள் படம் எடுக்கவோ, டிரோன் பறக்கவிடவோ, மட்டம் அளக்கவோ போகாதீர்கள். வேலிக்கு வெளியே உள்ள கான், கதவு, சாலையைப் பற்றி எழுத எந்தத் தடையும் இல்லை. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டப்படி வரைவைப் பொதுப்பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தரவேண்டும். அந்த அவகாசம் தொடங்கிய பிறகு அளக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

தளமும் லயமும் ஒரே தண்ணீரில்தான் நிற்கின்றன என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அமெரிக்காவில் நார்ஃபோக் கடற்படைத் தளம் உள்ளிட்ட தளங்களுக்காக நார்ஃபோக், வர்ஜீனியா பீச் நகரங்கள் சேர்ந்து நடத்திய கூட்டு நிலப்பயன்பாட்டு ஆய்வு 2019-இல் முடிந்தது. வேலிக்கு வெளியே வெள்ளம் நிற்கும் ஹாம்ப்டன் பொலிவார்ட் போன்ற சாலைகளுக்கு அதில் பெரிய இடம் கொடுத்தார்கள். மாலுமிகள் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழி மூழ்கினால் தளமே முடங்கும். உங்கள் சாலையின் தாழ்ந்த புள்ளியையும் அதே கண்ணோடு காட்டுங்கள்: அதே வழியில் தளத்து ஊழியரும் போகிறார், பள்ளிப் பேருந்தும் போகிறது.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 1/97 வழிகாட்டியில் மணல் கரைக்கு 60 மீட்டர், சேற்றுக் கரைக்குக் கண்டல் காட்டின் கடலோர விளிம்பிலிருந்து 400 மீட்டர் என்று, கட்டடம் கட்டாமல் விடவேண்டிய இடைவெளி சொல்லப்பட்டிருக்கிறது. அதை வரைவு வரைபடத்தில் கோடாகவே போடச் சொல்லுங்கள். பண்டுக்கு வெளியே கண்டல் நடும் யோசனை வந்தால், திறந்த சேற்றில் நேரடியாக பாக்காவ் என்ற கண்டல் வகையை நடவேண்டாம், அலை பிடுங்கிவிடும். அங்கே முதலில் முளைத்து முன்னால் வருவது அப்பி-அப்பி என்ற வேறு கண்டல் வகை. செலாங்கூரில் சுங்கை ஹாஜி டோரானியில் முதலில் ஜியோடியூப் (மணல் நிரப்பிய பெரிய துணிக்குழாய்) போட்டு அலையைத் தணித்துத்தான் நட்டார்கள்.

லயத்துவாசி
நன்றி ஐயா. கதவு மூடியிருக்கும் நேரத்து மழையை எங்கே வைப்பது? 40 ஹெக்டர் தண்ணீர் அந்தக் கானுக்குத்தான் வருகிறது.

பாரிட்
அந்த நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை, அதில் 60 விழுக்காடு கானுக்கு வருகிறது என்று வைத்தால் 24,000 கனமீட்டர். 3 மீட்டர் அகலக் கானில் அரை மீட்டர் இடம் காலியாக இருந்தால், 5 கிலோமீட்டருக்கு 7,500 கனமீட்டர்தான் கொள்ளும். மிச்சம் 16,500. ஒரு மீட்டர் ஏறி இறங்கும் குளம் என்றால் 1.65 ஹெக்டர் வேண்டும். லயத்துக்கும் கதவுக்கும் நடுவே, தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் அந்த நிலத்தை வரைவிலேயே குளமாகக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு யாராவது அங்கே மண்கொட்டி வீடு கட்ட அனுமதி கேட்டால், மறுப்பதற்குக் கையில் காகிதம் இருக்கும்.